அமைச்சர் ஆனவர் கதை சரி, என் மகளுக்கு வேலை கிடைக்குமா?

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். பிளஸ் டூ முடித்த மகள் பொறியியல் வேண்டாம் என்கிறாள். அரசியல் அறிவியல் படித்து, வெளிநாட்டு விவகாரங்களை எழுதும் பத்திரிகையாளராக வேண்டும் என்கிறாள். அதற்கு அவள் காட்டும் உதாரணம் செக்கோஸ்லோவாக்கியாவின் (இன்றைய செக் நாடும் ஸ்லோவாக்கியாவும் சேர்ந்த நாடு) முன்னாள் வெளியுறவு அமைச்சர் யிர்ஷி டீன்ஸ்ட்பியர். நீங்களும் அவரைப் பற்றித் தேடிப் படித்துவிட்டு, "வேலையைப் பறிகொடுத்து, ஜெயிலுக்குப் போய், கொதிகலன் அறையில் கிடந்தவரை உதாரணமாகக் காட்டினால் பெற்றவனுக்கு வயிறு கலங்காதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கலங்கத்தான் செய்யும். அதைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதே வாழ்க்கையை, படிப்பும் வேலையும் ஒன்றோடொன்று எப்படிச் சேர்கின்றன என்று பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவன் வாசிக்கும்போது வேறு சில விஷயங்கள் கண்ணில் படுகின்றன. அவற்றைச் சொல்கிறேன், முடிவு உங்கள் இருவருடையது.

டீன்ஸ்ட்பியர் 1937-ல் கிளாட்னோ என்ற ஊரில் பிறந்தவர். நிலக்கரிக்கும் இரும்பாலைக்கும் பேர் போன ஊர் அது. தலைநகர் பிராகில் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் கலைப் படிப்பு. படிக்கும்போதே கம்யூனிஸ்ட் கட்சியிலும் செக்கோஸ்லோவாக்கிய வானொலியிலும் சேர்ந்தார். வானொலியின் வெளிநாட்டு நிருபராகத் தூரக்கிழக்கு நாடுகளிலும் பிறகு அமெரிக்காவிலும் இருந்தார். வயது முப்பதைத் தொடும்போது அவருக்கு நல்ல உத்தியோகம், நல்ல பெயர் இரண்டும் இருந்தன.

1968 ஆகஸ்ட்டில் சோவியத் டாங்குகள் பிராகுக்குள் நுழைந்தன. அந்த ஆக்கிரமிப்பை ஏற்காத வானொலிக்காரர்களில் டீன்ஸ்ட்பியரும் ஒருவர். அடுத்த ஆண்டு கட்சியிலிருந்து நீக்கினார்கள், 1970-ல் வேலையிலிருந்தும் நீக்கினார்கள். அப்போது அவருக்கு வயது 33. ஆவணக் காப்பாளராக ஏதோ ஒரு வேலை கிடைத்தது. 'சாசனம் 77' என்ற மனித உரிமை அறிக்கையில் கையெழுத்திட்டு, அதன் செய்தித் தொடர்பாளர்களில் ஒருவராகவும் ஆனார். 1979-ல் நாடக ஆசிரியரும் பின்னாளில் நாட்டின் அதிபர் ஆனவருமான வாட்ஸ்லாவ் ஹாவெலோடு சேர்த்து அவரையும் கைது செய்தார்கள். மூன்று ஆண்டு சிறை. வெளியே வந்ததும்தான் கொதிகலன் வேலை.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அவர் கலை படித்ததாலா வேலை போனது? அந்தக் களையெடுப்பில் விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் பேராசிரியர்களும்கூட வேலை இழந்தார்கள். பின்னாளில் பிராகின் கார்டினல் ஆன மிலோஸ்லாவ் வ்ல்க் என்ற பாதிரியார் அந்தக் காலத்தில் பிராக் வீதிகளில் கடைகளின் ஜன்னல் கண்ணாடி துடைத்துப் பிழைத்தார். அங்கே வேலை இல்லாமல் சும்மா இருப்பதே சட்டப்படி குற்றம். அதனால் விரட்டப்பட்டவர்கள் எல்லாம் கொதிகலன் ஆளாக, இரவுக் காவலாளியாக, ஜன்னல் துடைப்பவராகப் போனார்கள். ஆட்சி ஒருவரைக் குறிவைத்துவிட்டால் கையில் எந்தப் பட்டம் இருந்தாலும் அது காப்பாற்றாது. ஆக, உங்கள் மகள் கேட்கும் படிப்புக்கும் அந்தக் கொதிகலன் அறைக்கும் நேர்க்கோடு போட முடியாது.

நான் ரொம்ப நேரம் யோசித்தது அவருடைய எண்பதுகளைப் பற்றித்தான். கொதிகலன் வேலையில் ஒரு வசதி உண்டு. எரிபொருளைப் போட்டு, அழுத்தமானியைப் பார்த்துவிட்டால் அடுத்த முறை எழும்வரை நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் படிப்பார்கள், எழுதுவார்கள். மெல்லிய தாள்களுக்கு இடையே கார்பன் தாள் வைத்து, தட்டச்சு இயந்திரத்தில் ஓங்கி அடித்து, ஒரு தடவைக்குச் சில பிரதிகள் எடுத்துக் கைக்குக் கை கொடுப்பார்கள். டீன்ஸ்ட்பியர் அப்படிச் சர்வதேச அரசியலுக்கென்றே ஓர் இதழ் நடத்தினார். யாரும் சம்பளம் தரவில்லை, பிடிபட்டால் மறுபடி சிறை. ஆனால் நிருபராக இருந்தபோது பழகிய வேலையை, அதாவது உலகச் செய்திகளைப் படித்து, எடைபோட்டு, தெளிவாக எழுதுவதை, அவர் விடவே இல்லை.

1986-ல் ஐரோப்பாவின் எதிர்காலம் பற்றி ஒரு நூல் எழுதினார். பிரிந்து கிடக்கும் ஜெர்மனி ஒன்றுசேர வேண்டும், நேட்டோ, சோவியத் தலைமையிலான வார்சா ஒப்பந்தம் என்ற இரண்டு ராணுவ அணிகளும் கலைய வேண்டும் என்பது அவர் வாதம். அன்றைக்கு அதைப் பகல் கனவு என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். 1989 இறுதியில் கம்யூனிஸ்ட் ஆட்சி சரிந்தது. டிசம்பர் 10-ம் தேதி, 52 வயதில், அவரே நாட்டின் வெளியுறவு அமைச்சர் ஆனார். மாற்று ஆள் வரும்வரை கொதிகலன் ஷிஃப்ட்டுக்கும் போய்வந்தார் என்று சொல்வார்கள். பதவியேற்ற இரண்டே வாரத்துக்குள் ஆஸ்திரிய எல்லையிலும் ஜெர்மன் எல்லையிலும் அந்தந்த நாட்டு வெளியுறவு அமைச்சர்களோடு நின்று முள்கம்பியை வெட்டினார். 1990 பிப்ரவரியில் மாஸ்கோ போய், சோவியத் படைகள் வெளியேறும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். சுமார் 73,000 வீரர்கள். 1991 ஜூனில் கடைசி வீரர்களும் கிளம்பிவிட்டார்கள். அடுத்த மாதம் முதல் தேதி, பிராகிலேயே, வார்சா ஒப்பந்த அமைப்பு கலைக்கப்பட்டது. ஜெர்மனி அதற்கு முந்தைய அக்டோபரிலேயே ஒன்றாகியிருந்தது.

அமைச்சகத்துக்குள் போகும்போது அவருக்கு நிர்வாக அனுபவம் ஒன்றும் கிடையாது. ஆனால் எதைச் செய்ய வேண்டும் என்று பல வருடமாக எழுதிப் பார்த்திருந்தார். உங்கள் மகளிடம் இதைத்தான் நான் பேச விரும்புகிறேன். அமைச்சர் பதவி அவள் கண்ணில் பளிச்சென்று பட்டிருக்கலாம். அதற்கு முந்தைய பத்து வருட எழுத்துத்தான் தொழில்ரீதியாக முக்கியம்.

பதவி எவ்வளவு நாள் நின்றது தெரியுமா? இரண்டரை வருடம். 1992 தேர்தலில் அவர் கட்சி 5 சதவீத வாக்கு வரம்பைத் தாண்டவில்லை, நாடாளுமன்றத்துக்கு வெளியே நின்றார். 1998 முதல் 2001 வரை முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான ஐ.நா. மனித உரிமைச் சிறப்பு அறிக்கையாளராகப் பணியாற்றினார். 1999-ல் நேட்டோ யூகோஸ்லாவியா மீது குண்டு போட்டபோது, பழைய நண்பர் ஹாவெல் அதை ஆதரித்தாலும் இவர் எதிர்த்தார். 2008-ல், 71 வயதில், சொந்த ஊரான கிளாட்னோ தொகுதியிலிருந்து செக் நாடாளுமன்ற மேலவையான செனட்டுக்குத் தேர்வானார். 2011 ஜனவரியில் இறக்கும்போதும் செனட்டராகவே இருந்தார்.

சரி, இப்போது உங்கள் வீட்டு விஷயம்.

ஒரு வேலையைக் குறிவைத்துப் படிப்பைத் தேர்ந்தெடுத்தால் அந்த வேலை போகும்போது எல்லாம் போய்விடுகிறது. கையில் என்ன திறமை தங்கும் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சர்வதேச விவகாரத்துக்கு வேண்டியது மூன்று: ஒரு பிராந்தியத்தைப் பற்றிய ஆழமான படிப்பு, அந்தப் பிராந்தியத்தின் மொழி ஒன்று, தெளிவான எழுத்து. இளங்கலையில் அரசியல் அறிவியல், வரலாறு, பொருளாதாரம் எதுவானாலும் சரி. கூடவே முதல் வருடத்திலிருந்தே ஒரு மொழி கட்டாயம். ஐரோப்பாவில்தான் ஆர்வம் என்றால் ஜெர்மன் நல்ல தொடக்கம், சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் படிப்படியாகத் தேர்வு எழுதலாம். அப்புறம் சென்னையிலேயே ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் முதுநிலை டிப்ளமோ, அல்லது டெல்லி ஜே.என்.யூ.வின் சர்வதேச ஆய்வுகள் பள்ளி. யு.பி.எஸ்.சி. எழுதி ஐ.எஃப்.எஸ். (இந்திய வெளியுறவுப் பணி) போகவும் இதே படிப்பு உதவும், அதற்கு எந்தப் பட்டமும் போதும்.

பத்திரிகையில் ஆரம்பச் சம்பளம் குறைவு. இதை அவளிடம் மறைக்காதீர்கள், நானும் மறைக்கவில்லை. ஐ.டி.யில் சேரும் தோழியோடு ஒப்பிட்டால் முதல் சில வருடம் மனம் சுருங்கும். அந்தப் பயம் உங்களுக்குப் பெரிதாக இருந்தால் நடுவழி ஒன்று உண்டு, பிளஸ் டூ முடித்ததும் சேரும் ஐந்தாண்டு சட்டப் படிப்பு. டீன்ஸ்ட்பியரின் மகன் சட்டம்தான் படித்தார். அவரும் 2014-ல் மனித உரிமைத் துறை அமைச்சர் ஆனார்.

பிராகிலேயே படிக்கப் போகிறேன் என்று அவள் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் செக் மொழியில் படித்தால் வெளிநாட்டு மாணவர்களுக்கும் கல்விக் கட்டணம் கிடையாது. ஆங்கிலவழிப் படிப்புக்குக் கட்டணம் உண்டு. செக் எளிதான மொழி அல்ல, ஒரு வருடத் தயாரிப்பு வகுப்பை சார்லஸ் பல்கலைக்கழகமே நடத்துகிறது. அந்த வருடத்துச் செலவும் விசா நிபந்தனையும் உங்கள் கையில்தான் விழும். 'இலவசம்' என்ற ஒரு சொல்லை வைத்து ஏஜென்ட் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். என் யோசனை, இளங்கலையை இங்கே முடித்துவிட்டு முதுகலைக்குப் போவது.

விண்ணப்பம் போடுவதற்கு முன் அவளை ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். டீன்ஸ்ட்பியரைப் பற்றி வேண்டாம், இன்றைய மத்திய ஐரோப்பாவில் நடக்கும் ஏதாவது ஒரு விஷயத்தைப் பற்றி, யாரும் கேட்காமலே, நான்கு வாரம் தொடர்ந்து வாரத்துக்கு ஒரு பக்கம் எழுதட்டும். நான்காவது வாரமும் ஆர்வத்தோடு உட்கார்கிறாளா என்று கவனியுங்கள். அந்தப் பக்கங்களை எனக்கு அனுப்புங்கள், படித்துவிட்டுக் கல்லூரிகளைப் பற்றிப் பேசலாம்.