லாரி கேபினில் கறுப்பனுக்கு இடம் உண்டா?

(நாமக்கல்–டெல்லி லைனில் 28 வருஷம் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: எனக்கு 24 வயது. ஹெவி லைசென்ஸ் எடுத்து இரண்டு மாதம் ஆகிறது. பன்னிரண்டு சக்கர வண்டியில் செகண்ட் டிரைவராகச் சேர்ந்திருக்கிறேன். அடுத்த வாரம் டெல்லி லைன். அம்மா போன பிறகு வீட்டில் நானும் கறுப்பனும்தான். எட்டு மாத நாட்டு நாய். பக்கத்துத் தெருவில் இருக்கும் சித்தி, "நான் சோறு வைக்கிறேன்" என்கிறார். ஆனால் நான் இரண்டு நாள் வெளியூர் போனதற்கே அது சாப்பிடாமல் வாசலில் கிடந்ததாம். கூடவே கூட்டிப்போகலாமா?
— ஒரு வாசகர், ராசிபுரம்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வாசலில் கிடந்த அந்த நாய் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. நானும் ஆறு வருஷம் ஒரு நாயோடு லைன் போனவன். அதனால் சொல்கிறேன்: கூட்டிப்போகலாம், ஆனால் அடுத்த வாரம் வேண்டாம். முதல் ஆறு மாதம் வண்டியைப் பழகுங்கள். அதுவரை கறுப்பன் சித்தி வீட்டில் இருக்கட்டும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன் என்றால், என் மணியை ஏற்றிய மூன்றாவது ட்ரிப்பில் நடந்ததைக் கேளுங்கள். பெங்களூரில் லோடு ஏற்றிக்கொண்டு திரும்பி வருகிறோம். தர்மபுரி தாண்டி தொப்பூர் கணவாய் இறக்கம். சேலம் பக்கம் இறங்கும் அந்த வளைவுகளில் எத்தனை வண்டி கவிழ்ந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். பின்னால் வந்த பஸ் ஏர்ஹாரனை அடித்தான். கிளீனர் மடியில் தூங்கிக்கொண்டிருந்த மணி துள்ளிக் குதித்து, நேராக என் காலடிக்கு வந்து பிரேக் பெடலுக்கு அடியில் புகுந்துகொண்டது. பெடலை மிதிக்கிறேன், மெத்தென்று ஒரு உடம்பு தடுக்கிறது. உள்ளே போகவில்லை. மேலேயே இரண்டாவது கியருக்கு மாற்றியிருந்ததால் வண்டி இன்ஜின் பிடியில் நின்று இறங்கியது. கிளீனர் குனிந்து அதன் பின்னங்காலைப் பிடித்து இழுத்தான். எல்லாம் சேர்த்து ஐந்தாறு நொடி இருக்கும். கீழே வந்து வண்டியை ஓரங்கட்டினேன், கால் நடுக்கம் நிற்க ஒரு டீ குடிக்கும் நேரம் ஆனது.

அன்று எனக்கு ஒன்பது வருஷ அனுபவம். பெடல் போகவில்லை என்றதும் கை தானாக என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தது. இரண்டு மாத லைசென்ஸில் அது வராது தம்பி. உங்கள் மீது குறை சொல்லவில்லை, யாருக்குமே வராது.

அதோடு, செகண்ட் டிரைவருக்கு வண்டி சொந்தமில்லை. ஓனரிடமும் கூட ஓட்டும் டிரைவரிடமும் முதலில் கேட்க வேண்டும். அவர் ஓட்டும்போது நீங்கள் தூங்குவீர்கள், நீங்கள் ஓட்டும்போது அவர். அந்தப் படுக்கையில்தான் நாய்க்கும் இடம். அவருக்கு நாய் என்றால் ஆகாது என்றால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள்.

ஆறு மாதம் கழித்து எல்லாரும் சரி என்றால், முதலில் ஓசூர் வரை, அப்புறம் பெங்களூர் வரை என்று சின்ன ட்ரிப்பில் பழக்குங்கள். கழுத்துப் பட்டையில் கட்டாதீர்கள், சடன் பிரேக் போட்டால் கழுத்து இறுகும். நெஞ்சைச் சுற்றி மாட்டும் வார் வாங்கி, படுக்கையின் இரும்புச் சட்டத்தில் குட்டைக் கயிற்றால் கட்டுங்கள். டிரைவர் காலடிக்கு எட்டவே கூடாது. நான் கட்டிலுக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு பலகையும் அடித்து வைத்தேன்.

அடுத்தது வெயில். இதைத்தான் எல்லாரும் லேசாக நினைக்கிறார்கள். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும். பழைய வண்டியில் இன்ஜின் பானட் கேபினுக்குள்ளேயே இருக்கும், கை வைத்தால் சுடும். மே மாதம் நாக்பூரில் 45 டிகிரி. கண்ணாடியை ஏற்றி மூடிய வண்டிக்குள் பத்தே நிமிஷத்தில் 10 டிகிரி வரை கூடிவிடும். "ரசீது வாங்கிட்டு வந்துடறேன்" என்று குடோனுக்குள் போவோம், வரிசையில் ஒரு மணி நேரம் நிற்போம். திரும்பி வரும்போது நாய் உயிரோடு இருக்காது. 2025 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாராகும் பெரிய லாரிகளில் கேபின் ஏசி கட்டாயம் என்று அரசு உத்தரவு இருக்கிறது. உங்கள் வண்டி அதற்கு முந்தையது என்றால் ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் கறுப்பன் வீட்டில்தான். ஏசி வண்டியே ஆனாலும் இன்ஜினை நிறுத்தினால் கேபின் அடுப்புதான், மறக்காதீர்கள். கெட்டியாக எச்சில் வடிந்து, ஈறு ரத்தச் சிவப்பாகி, நடை தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் வயிறு, தொடை இடுக்கு, பாதமெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கொஞ்சம் தணிந்த பிறகு டாக்டரிடம் ஓடுங்கள்.

நிழலுக்காக வண்டிக்கு அடியிலேயே நாயைக் கட்டும் பழக்கம் நம் ஆட்களிடம் இருக்கிறது. அவசரத்தில் மறந்து வண்டியை எடுத்தவர்களை எனக்குத் தெரியும். நான் ஒரு வழி வைத்திருந்தேன். மணியைக் கட்டும்போதே வண்டிச் சாவியைச் சங்கிலி வளையத்தில் கோர்த்துவிடுவேன். சாவி வேண்டுமென்றால் குனிந்து நாயைத் தொட்டே ஆக வேண்டும். ஆறு வருஷத்தில் ஒரு நாளும் தவறியதில்லை.

தாபாவில் அவிழ்த்து விடாதீர்கள். அங்கே இருக்கும் நாய்களுக்கு அது அவர்கள் எல்லை. நாக்பூர் தாண்டி சிவனி போகும் வழியில் பென்ச் காடு வருகிறது, புலியும் சிறுத்தையும் இருக்கும் காடு. அந்தப் பக்கம் இரவில் நாயைக் கீழே இறக்கவே வேண்டாம். ஹிங்கன்காட் பக்கம் ஒரு முறை பக்கத்து வண்டி டயர் வெடித்த சத்தத்தில் மணி வாரை உருவிக்கொண்டு ஓடிவிட்டது. பருத்திக் காட்டில் ராத்திரி முழுக்கத் தேடினேன். காலையில் அதுவாகவே வந்து வண்டியின் முன் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அதற்குப் பிறகு போன் நம்பர் எழுதிய தகடு இல்லாமல் அதை இறக்கியதே இல்லை.

ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில் போட்டிருக்க வேண்டும், வருஷா வருஷம் தொடர வேண்டும். போடவில்லை என்றால் இந்த வாரமே போடுங்கள், அந்த அட்டை ஆர்.சி. புக்கோடு இருக்கட்டும். சாப்பாட்டுக்கு வேகவைத்த முட்டையும் தயிர் சோறும் போதும், முட்டைக்கு நம் ஊரில் பஞ்சமா? தாபா குழம்பு மட்டும் வேண்டாம். வெங்காயம் நாயின் ரத்த அணுக்களை உடைக்கும். வெந்த கோழி எலும்பு சிலும்பாகி குடலைக் கிழிக்கும்.

இந்த ஆறு மாதத்துக்கு ஒரு யோசனை. நீங்கள் உடுத்திக் கழற்றிய சட்டையைத் துவைக்காமல் கறுப்பன் படுக்கும் இடத்தில் போட்டுவிட்டுப் போங்கள். இந்த வாரமே தினம் ஒரு வேளை சித்தி கையால் சோறு வைக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். நான் மழைக்காலத்தில் மணியை விட்டுப் போனபோதெல்லாம் என் வீட்டுக்காரி இப்படித்தான் அதைச் சாப்பிட வைத்தாள். டெல்லி சுமார் 2,400 கிலோமீட்டர். திரும்பி வர பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும், லோடு கிடைக்காவிட்டால் இன்னும் கூடும். அத்தனை நாளும் அது உங்கள் வாசனையோடு இருக்கும்.

கேள்வி: என் கணவர் லைனுக்குக் கூட்டிப்போன நாய், வந்ததிலிருந்து சாப்பிடவில்லை. உடம்பு சுடுகிறது, நேற்று மூக்கில் ரத்தம் வந்தது. காய்ச்சல் மாத்திரை கொடுக்கலாமா?
— ஒரு வாசகி, திருச்செங்கோடு

பதில்: வேண்டாம் அம்மணி. நாம் போடும் பாராசிட்டமால் நாயின் ஈரலைக் கெடுத்துவிடும். பார்க்கிங்கில் ஏறும் உண்ணி கடித்து ரத்தத்தில் கிருமி சேர்ந்தால் இப்படிக் காய்ச்சலும் மூக்கில் ரத்தமும் வரும். ரத்தப் பரிசோதனை செய்துதான் உறுதியாகச் சொல்ல முடியும், நேரத்தில் பார்த்தால் குணமாகும். காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். பத்திரிகை அச்சாகி வரும்வரை இது காத்திருக்கக் கூடாது என்பதால், கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குப் போன் செய்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள்.