பாண்டியன் எக்ஸ்பிரஸ் எத்தனை நிமிஷம் லேட் என்று எதில் பார்ப்பது?

மதுரையிலிருந்து வருபவரை அழைத்துவர எழும்பூருக்கு எப்போது கிளம்பலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வண்டி எங்கே வருகிறது என்று காட்டும் ரயில்வேயின் என்.டி.இ.எஸ். தளத்திலோ செயலியிலோ 12638 என்று ஐந்து இலக்க எண்ணை அடியுங்கள். பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். 12637 என்பது எழும்பூரிலிருந்து மதுரை போகும் வண்டி.

பலரும் சறுக்குவது தேதியில்தான். வண்டி மதுரையில் முந்தின இரவே கிளம்பிவிடும். ஆகவே விடியற்காலை பார்க்கும்போது புறப்பாட்டுத் தேதியாக நேற்றையதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்றையதைப் போட்டால் 'இன்னும் புறப்படவில்லை' என்று வரும், வீணாகப் பதறுவீர்கள்.

அடுத்து, 'கடைசியாகப் பதிவான நேரம்' என்ற வரியைப் பாருங்கள். அது அரை மணி பழையதாக இருந்தால் திரையில் உள்ள தாமதக் கணக்கை நம்ப வேண்டாம். செங்கல்பட்டில் 20 நிமிஷம் லேட் என்றால் எழும்பூரிலும் அதே 20 என்று நினைக்காதீர்கள். கடைசிப் பகுதிக்கு அட்டவணையிலேயே கூடுதல் நேரம் விட்டிருப்பார்கள், அதில் கொஞ்சம் ஈடுகட்டிவிடும். சென்ட்ரல் வண்டிகளில் இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்: நடைமேடை காலியாகாமல், சென்ட்ரலுக்குச் சற்று முன்னால் உள்ள பேசின் பிரிட்ஜில் நின்றுவிடும்.

'வேர் இஸ் மை டிரெயின்' செயலியில் ஒரு நல்ல வசதி உண்டு. வண்டிக்குள் இருப்பவரின் போனில் இன்டர்நெட் இல்லாவிட்டாலும் செல் டவரை வைத்து இடத்தைக் காட்டும். வருபவரிடமே கேட்டுவிடலாம்.

வண்டி செங்கல்பட்டு தாண்டியதும் கிளம்புங்கள். தாம்பரத்தில் இறங்குகிறவர் என்றால் அதற்கும் முன்பே. ஸ்மார்ட்போன் இல்லாத பெரியவர்களுக்கு 139 என்ற ரயில்வே விசாரணை எண்ணுக்கு போன் செய்தால் போதும்.