கிணற்றுத் தண்ணீர் நீலமானால் மெஷின் வாங்க வேண்டுமா?

கேள்வி: குளச்சல் பக்கம், கடற்கரையை ஒட்டி எங்கள் வீடு. தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்க வந்தவர் 'நானோ கோல்டு' என்று ஒரு சிவப்புச் சொட்டு மருந்தைக் காட்டினார். கடையில் வாங்கிய பாட்டில் தண்ணீரில் விட்டபோது சிவப்பாகவே நின்றது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் நீலமாகிவிட்டது. அமினோ அமிலம் கலந்திருக்கிறது, பிள்ளைகளுக்கு ஆகாது என்கிறார். மீன் கெட்டதா என்று பார்க்கவும் இதே சொட்டு போதுமாம். 18,000 ரூபாய் மெஷினுக்கு முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். நிறம் மாறியது உண்மை, அதற்கு அவர் சொல்லும் காரணம்தான் புளுகு.

அந்தத் திரவத்தில் இருப்பவை தங்கத்தின் நுண்துகள்கள். பெரும்பாலும் 13 முதல் 20 நானோமீட்டர் அளவில் இருக்கும் (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நானோமீட்டர்). துகள்கள் தள்ளித் தள்ளி நின்றால் திரவம் சிவப்பாகத் தெரியும், கூடி ஒட்டிக்கொண்டால் ஊதாவாகி நீலமாகும். கர்ப்பம் பார்க்கும் அட்டையில் விழும் சிவப்புக் கோடுகூடப் பெரும்பாலும் இந்தத் தங்கம்தான். அமினோ அமிலங்களில் சிஸ்டீன் என்று ஒன்று உண்டு. அதிலுள்ள கந்தகம் தங்கத்தைப் பிடித்துக்கொண்டு துகள்களை ஒன்றுசேர்க்கும். நிறம் எவ்வளவு மாறியது என்று கருவியில் அளந்து சிஸ்டீனின் அளவைச் சொல்லலாம். இதுவரை எல்லாம் நல்ல அறிவியல்.

ஆனால் துகள்களைக் கூட்டம் சேர்க்க அமினோ அமிலமே வேண்டும் என்றில்லை, சாதாரண உப்பு போதும். உப்புப் பட்டால் சிவப்புத் தங்கம் நீலமாவதை மைக்கேல் ஃபாரடே என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1857-லேயே எழுதிவிட்டார். கால்சியமும் மெக்னீசியமும் உள்ள கடினத் தண்ணீர் என்றால் இன்னும் குறைந்த அளவே போதும். கடலோரக் கிணற்றில் இவை இல்லாமல் வேறென்ன இருக்கும்? உங்கள் ஊரில் எந்தக் கிணற்றில் மொண்டாலும் அவருக்கு வியாபாரம்தான்.

இதில் ஒரு கெட்டிக்காரத்தனமும் இருக்கிறது. அவருடைய மெஷின் உப்பை எடுக்கும். அதில் வடித்த தண்ணீரில் சொட்டு சிவப்பாகவே நிற்கும், பார்ப்பவர்கள் நம்பிவிடுவார்கள். முன்பு இரண்டு கம்பிகளைத் தண்ணீரில் விட்டுக் கரண்ட் கொடுத்து, கம்பி கரைந்து வந்த பழுப்புக் கசடைத் தண்ணீரின் அழுக்கு என்று காட்டினார்களே, அதே கூட்டம்தான் இப்போது நானோ பேசுகிறது. அடுத்த முறை வந்தால், அவர் கொண்டுவரும் பாட்டில் தண்ணீரிலேயே அரை டம்ளர் எடுத்து ஒரு ஸ்பூன் சமையல் உப்பைக் கரைத்துச் சொட்டு விடச் சொல்லுங்கள். அதுவும் நீலமாகும். அப்போது அவர் முகத்தைப் பாருங்கள்.

அமினோ அமிலம் விஷமும் இல்லை. நீங்கள் சாப்பிடும் சாளையின் புரதமே அதனால் ஆனதுதான். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500-இல் அமினோ அமிலத்துக்கு வரம்பே கிடையாது. உங்கள் கிணற்றில் பார்க்க வேண்டியவை வேறு. 100 மில்லி தண்ணீரில், மலத்திலிருந்து வரும் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. குளோரைடு 250-க்குள் இருந்தால் நல்லது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1000 வரை அனுமதி. வீடுகள் நெருக்கமான இடத்தில் கக்கூஸ் குழி கிணற்றுக்கு எத்தனை அடியில் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பாருங்கள்.

மீன் விஷயத்தில் இந்தச் சொட்டு இன்னும் ஆபத்து. மீன் கழுவிய நீரிலுள்ள புரதம் தங்கத் துகள்களைப் போர்த்திக்கொண்டால் அவை ஒட்டாமல் சிவப்பாகவே நிற்கும். கெட்ட மீனும் நல்ல மீன் ஆகிவிடும்.

ஓர் அமினோ அமிலத்துக்கு மட்டும் நாம் பயப்படத்தான் வேண்டும், அதுவும் மீனில்தான். சூரை, அயிலை, சாளை இவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அந்த அமினோ அமிலம் நிறைய உண்டு. ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை போன்ற தொல்லை தரும் பொருளாக மாற்றிவிடும். நாற்றம் வராமலேயே இது நடக்கலாம். ஒருமுறை உண்டாகிவிட்டால் குழம்பு வைத்தாலும், பொரித்தாலும், மறுபடி ஐஸில் போட்டாலும் போகாது. கருவாட்டுக்கும் இதே கதை: உப்புப் போடும் முன்பே மீன் சூடேறிக் கிடந்திருந்தால் அப்புறம் எவ்வளவு காயவைத்தும் பயனில்லை. சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலைவலித்து, உடம்பு தடித்துவிடும். 'எனக்குச் சூரை ஒத்துக்காது' என்று சொல்பவர்களில் சிலருக்கு ஒத்துக்கொள்ளாதது சூரை இல்லை, ஐஸ் வைக்காத வியாபாரிதான். பழைய மீனைக் கழுவி மேலே புது ஐஸைத் தூவி விற்பவரிடம் ஏமாறாதீர்கள். மீன் சாப்பிட்டு மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஹிஸ்டமினைப் பார்க்க உருப்படியான சோதனைகள் இருக்கின்றன. ஏற்றுமதியாகும் மீனுக்குப் பார்க்கிறார்கள், நம் சட்டிக்கு வரும் மீனுக்கு யார் பார்க்கிறார்கள்? 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவுப்படி, வாங்கியவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனை செய்யலாம். அறிக்கை தர அவருக்கு 14 நாள் அவகாசம். அதுவரை அந்த மீனை யார் விற்காமல் வைத்திருப்பார்கள் என்று சட்டம் எழுதியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

முன்பணம் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் ரசீதையும் அவர் தந்த நோட்டீஸையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு உடனே பேசுங்கள். ரசீது தராதவர் என்றால் பணம் அனுப்பிய போன் பதிவை அழித்துவிடாதீர்கள்.