வரலாறு படித்தவர் துணைவேந்தர் ஆக முடியுமா?

பாலக்காட்டுச் சித்தூர் அரசுக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு சேரப்போகும் தம்பி கேட்டிருக்கிறார்: "வரலாறு படிச்சா வாத்தியார் வேலையோட சரின்னு மாமா சொல்றார். அப்படியா?"

அப்படியில்லை தம்பி. உங்கள் கல்லூரி இணைந்திருக்கும் கோழிக்கோடு பல்கலைக்கழகத்துக்கே கே.கே.என். குரூப் என்ற வரலாற்றாசிரியர் துணைவேந்தராக இருந்திருக்கிறார். கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தில் ராஜன் குருக்கள், காலடி என்ற ஊரிலுள்ள சமஸ்கிருதப் பல்கலைக்கழகத்தில் கே.என். பணிக்கர், இவர்களும் வரலாற்றுக்காரர்களே. அமெரிக்க உள்நாட்டுப் போரை ஆராய்ந்த ட்ரூ ஃபாஸ்ட் 2007 முதல் 2018 வரை அங்குள்ள ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவர், நம் துணைவேந்தர் போல. அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் பெண்.

பாதை நீளமானது. முதுகலை, நெட் (கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு), முனைவர் பட்டம், பிறகு உதவிப் பேராசிரியரில் தொடங்கிப் பேராசிரியர் வரை. துணைவேந்தராக, யுஜிசி எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி பேராசிரியராக 10 ஆண்டு, அல்லது பெயர்பெற்ற ஆய்வு, கல்வி நிர்வாக அமைப்பில் அதே அளவு அனுபவம் வேண்டும். தேடல் குழு 3 முதல் 5 பெயர்களைத் தரும். கேரளத்தின் இந்தப் பல்கலைக்கழகங்களில் வேந்தர் அவர்களில் ஒருவரை நியமிப்பார்.

ஆனால் பதவியைக் குறிவைத்துப் படிக்காதீர்கள், நல்ல ஆய்வைக் குறிவையுங்கள். ஒன்றுக்கொன்று முரணான பத்துக் காகிதங்களைப் படித்து, நடந்தது என்னவென்று தீர்மானிக்கும் பழக்கம்தான் நிர்வாகத்திலும் கைகொடுக்கிறது. நம் ஊரில் அதற்கு வேலை ஏராளம். சித்தூர் கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. பக்கத்துப் பாலக்காடோ மலபார் மாவட்டத்தின் பகுதியாக 1956 வரை சென்னை மாகாணத்தோடு இருந்தது. தமிழும் மலையாளமும் வீட்டிலேயே பழகிய உங்களுக்கு இரண்டு பக்க ஆவணங்களும் திறக்கும். வெளியூர்க்காரர்களுக்கு அது லேசில் வாய்க்காது.