சூளை எதைத் தின்னும், எதைத் துப்பும்?

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையின் ஆய்வகத்தில் 27 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.)

கே: தொழிற்சாலைக் கழிவை சிமென்ட் சூளையில் எரிப்பதும் குப்பைமேட்டைக் கொளுத்துவதும் ஒன்றுதானே? 'மாற்று எரிபொருள்' என்று பெயரை மட்டும் மாற்றிவிட்டார்களா?
— வாசகர், பெரம்பலூர்

ப: கோபம் புரிகிறது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. குப்பைமேட்டில் தீ புகைந்து புகைந்து எரியும். டயாக்சின் நஞ்சு உண்டாவது பெரும்பாலும் அந்த அரைகுறை எரிதலில்தான். சிமென்ட் சூளையின் தீநாக்கு 2000 டிகிரிக்குப் பக்கம். உள்ளே உருளும் கலவையே 1450 டிகிரியைத் தொடும். வெளியேறும் அமில வாயுவை வழியிலேயே சுண்ணாம்புத் தூள் பிடித்துக்கொள்ளும். சாம்பலை அள்ளிக் கொட்ட இடம் தேட வேண்டாம், அதுவும் கிளிங்கரோடு (அரைத்தால் சிமென்ட் ஆகும் கட்டி) கிளிங்கராகிவிடும். ஆனால் சூளையை மூட்டும்போதும் அணைக்கும்போதும் கழிவை உள்ளே விடவே கூடாது. சூடு நிலைக்காத நேரம் அது.

கே: எங்கள் செருப்புக் கம்பெனியின் வெட்டுத்துண்டுகளை ஒரு ஆலை திருப்பி அனுப்பிவிட்டது. நன்றாக எரிகிற பொருள்தானே?
— வாசகர், ஆம்பூர்

ப: நன்றாக எரியும், அதுதான் ஏமாற்றும். உங்கள் மூட்டையில் ரெக்சின் கலந்திருக்கும். ரெக்சின் பெரும்பாலும் பிவிசி என்ற பிளாஸ்டிக். பிவிசியில் பாதிக்கு மேல் குளோரின். அது சூளையின் சூட்டில் ஆவியாகி, மேலே சூடு குறைந்த சைக்ளோன்களில் (மூலப்பொருள் தூளைச் சூடேற்றிச் சூளைக்கு இறக்கும் கூம்புகள்) உப்பாகப் படியும். படிந்த உப்பு பசைபோல் அந்தத் தூளை, நாங்கள் சொல்லும் மாவை, பிடித்து வழியை அடைக்கும். ஒருமுறை இப்படித்தான், நான் சாம்பிள் எடுக்காமல் விட்ட ஒரு லோடு. மறுநாள் கீழ் சைக்ளோன் அடைத்துச் சூளை நின்றது. கொதிக்கிற மாவைக் கம்பி விட்டுக் குத்தி இறக்கிய பையன்களின் முகத்தை நான் நேராகப் பார்க்கவில்லை.

அதன்பிறகு கேட்டிலேயே ஒரு செம்புக் கம்பி வைத்திருந்தேன். கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, துண்டில் ஒற்றி, மறுபடி தீயில் காட்டினால் பச்சையாக எரியும். பச்சை என்றால் குளோரின். லாரியைத் திருப்பிவிடலாம். டிரைவர்கள் என்னை மந்திரவாதி என்பார்கள். நீங்களும் செய்து பாருங்கள், ரெக்சினைத் தனி மூட்டையாகக் கட்டுங்கள்.

தோல் துண்டும் நல்லபிள்ளை இல்லை. குரோமில் பதனிட்ட தோல் சூளையில் எரிந்தால், அந்தக் குரோமியத்தில் ஒரு பங்கு தண்ணீரில் கரையும் நச்சு வடிவத்துக்கு மாறும். சிமென்டில் கை வைக்கும் கொத்தனாருக்கு வரும் அரிப்புக்கு அதுவும் ஒரு காரணம். அதனால் அளவோடுதான் எடுப்பார்கள்.

கே: சாயக்கழிவுச் சகதியும் எரிபொருள்தான் என்கிறார்களே?
— வாசகி, திருப்பூர்

ப: சகதியில் சூடு சொற்பம். சுண்ணாம்பும் இரும்பும் உப்பும்தான் அதிகம். எரிபொருள் என்பதைவிட, மூலப்பொருளோடு கொஞ்சம் சேர்க்கக்கூடியது என்பதே நேர்மை. அதிலும் உப்பு கூடினால் மேலே சொன்ன அதே அடைப்பு. ஐப்பசி மழையில் தார்ப்பாய் போடாமல் வந்த லோடு என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கவே 600 கிலோகலோரி போய்விடும். 2016-இல் வந்த திடக்கழிவு விதி, கிலோவுக்கு 1500 கிலோகலோரியோ அதற்கு மேலோ சூடு தரும் மறுசுழற்சிக்கு ஆகாத கழிவைக் குழியில் கொட்டக்கூடாது என்றது. ஈரம் சொட்டும் சகதி அந்தக் கணக்குக்குள் வராது.

பெயின்ட் சகதி வேறு. மரத்தூளில் பிசைந்து ஊறவைத்தால் கையாளவும் எளிது, எரியவும் எரியும். நாற்றத்துக்கு மட்டும் முகமூடி வேண்டும்.

கே: பழைய ஒயர் தோல், பிய்ந்த செருப்பை வெந்நீர் அடுப்பில் போடலாமா?
— வாசகி, ஜெயங்கொண்டம்

ப: கூடாதம்மா. ஒயர் தோலும் பிவிசிதான், அடுப்பின் அரைகுறைத் தீயில் நஞ்சைக் கக்கும். தேங்காய் மட்டையைப் போடுங்கள்.