ட்ரீமேப்பும் பல த்ரெட்டுகளும்: கேள்வி பதில்

ஜாவாவில் வரிசையாக அடுக்கி வைக்கும் கலெக்‌ஷன்களைப் பல த்ரெட்டுகள் (ஒரே புரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஒரே நேரத்தில் தொட்டால் என்ன ஆகும் என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அண்ணா, எங்கள் ட்ரீமேப்பில் (கீ-மதிப்பு ஜோடிகளைக் கீ வரிசைப்படி வைப்பது) ஒரு த்ரெட் எழுதும், நான்கு த்ரெட் படிக்கும். எழுதும் இடத்தில் லாக் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் பூட்டு) போட்டுவிட்டேன். படிப்பவர்கள் எதையும் மாற்றுவதில்லையே, அவர்களுக்கும் லாக் வேண்டுமா?

வேண்டும் தம்பி. இப்போது நீங்கள் செய்திருப்பது வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக்கதவைத் திறந்து வைத்தது போல.

ட்ரீமேப்புக்குள் இருப்பது சிவப்பு-கருப்பு மரம், அதாவது சாயாமல் தன்னைச் சரிசெய்துகொள்ளும் தேடல் மரம். சிறிய கீ இடப்பக்கம், பெரியது வலப்பக்கம். 10, 20 இரண்டும் ஏற்கனவே உள்ளே இருக்கின்றன என்று வையுங்கள். 10 உச்சியில், அதன் வலப்பக்கம் 20. இப்போது 30 வருகிறது, 20க்கு வலப்பக்கம் போய் உட்காருகிறது. மரம் ஒரு பக்கமாகச் சாய்வதால் அதை இடப்பக்கம் சுழற்ற வேண்டும். 20 உச்சிக்கு ஏறும், 10 அதற்கு இடப்பக்கம் இறங்கும். ஆனால் இது ஒரே அடியில் நடப்பதில்லை. முதலில் 10இன் வலப்பக்கச் சுட்டியில் (அந்தப் பக்கம் இருப்பதைக் காட்டும் குறிப்பு) 20இன் இடப்பக்கத்தில் இருப்பதை எடுத்து வைக்கிறார்கள். அங்கே எதுவும் இல்லை, அதனால் நல் (வெறுமை) வந்து உட்காருகிறது. அப்புறம்தான் 20ஐ உச்சியாக்குகிறார்கள். இந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் இன்னொரு த்ரெட் 20ஐத் தேடி வந்தால், உச்சியில் 10ஐப் பார்க்கும், வலப்பக்கம் திரும்பும், அங்கே ஒன்றுமில்லை. 'அப்படி ஒரு கீயே இல்லை' என்று திரும்பிவிடும். நேற்றிலிருந்து உள்ளே இருக்கும் 20ஐத்தான் சொல்கிறேன்! எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு) இல்லை, பதிவுக் கோப்பில் ஒரு வரி இல்லை. எனக்கு இதுதான் மிகவும் பயமான பிழை.

எழுதுபவர்களே இருவராகி, லாக்கும் இல்லையென்றால் இன்னும் மோசம். சுட்டிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டு, தேடப் போன த்ரெட் வெளியே வராமல் சிபியூவைத் தின்னும்.

படிப்பவர்கள் அதிகம் என்றால் ரீட்-ரைட் லாக் போடுங்கள், படிப்பவர்கள் ஒருவரையொருவர் தடுக்க மாட்டார்கள். மேப்பை ஆரம்பத்தில் ஒருமுறை நிரப்பி, ஃபைனல் ஃபீல்டில் வைத்து, அப்புறம் தொடவே மாட்டீர்கள் என்றால் லாக்கே தேவையில்லை.

கலெக்‌ஷன்ஸ் கிளாஸில் உள்ள சிங்க்ரனைஸ்டுசார்ட்டட்மேப் என்ற உறையை ட்ரீமேப்புக்குப் போட்டுவிட்டேன். அப்படியும் ஃபார் லூப்பில் கன்கரண்ட்மாடிஃபிகேஷன் எக்ஸெப்ஷன் (சுற்றும்போதே மேப் மாறிவிட்டது என்ற அறிவிப்பு) வருகிறது. ஏன் சார்?

அந்த உறை ஒவ்வொரு அழைப்புக்கும் தனித்தனியாக லாக் போடுகிறது. உங்கள் லூப் ஒரு அழைப்பு இல்லை, நூறு அழைப்பு. ஆகவே லூப் முழுவதையும் நீங்களே அந்த மேப்பின் மேல் சிங்க்ரனைஸ்டு பிளாக்குக்குள் வைக்க வேண்டும். சப்மேப், ஹெட்மேப் என்று மேப்பின் ஒரு பகுதியை எடுத்து அதில் சுற்றினாலும் லாக் போட வேண்டியது மூல மேப்பின் மேல்தான், வெட்டி எடுத்த துண்டின் மேல் இல்லை. இதில் பலர் வழுக்கி விழுகிறார்கள்.

அந்த எக்ஸெப்ஷன் வந்தது நல்லது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அது கட்டாயம் வரும் என்ற உத்தரவாதம் கிடையாது. வரவில்லை என்பதால் நிரல் சரி என்று ஆகாது.

பல த்ரெட்டுகளுக்கென்றே உள்ள, கீ வரிசையில் வைக்கும் கன்கரண்ட்ஸ்கிப்லிஸ்ட்மேப்புக்கு மாறிவிட்டோம். ஆனாலும் ஒரே டோக்கன் இரண்டு கவுன்டருக்குப் போகிறது.

உங்கள் நிரலைப் பார்க்காமலே சொல்கிறேன்: ஃபர்ஸ்ட்என்ட்ரி என்று கேட்டு வாங்கி, அந்த டோக்கனைக் கவுன்டருக்குக் கொடுத்துவிட்டு, அப்புறம் ரிமூவ் செய்கிறீர்கள். இரண்டு அழைப்பும் தனித்தனியே பாதுகாப்பானவைதான். நடுவில் உள்ள இடைவெளிதான் திறந்து கிடக்கிறது. இரண்டு த்ரெட்டும் 41ஆம் டோக்கனைப் பார்த்துவிட்டன, இரண்டும் கொடுத்துவிட்டன. நானும் ஒரு வேலையில் இதே தவறைச் செய்து, வாடிக்கையாளர் போன் செய்த பிறகுதான் கண்டுபிடித்தேன். போல்ஃபர்ஸ்ட்என்ட்ரி என்ற ஒரே அழைப்பு எடுப்பதையும் நீக்குவதையும் சேர்த்துச் செய்யும். ஒரு டோக்கன் ஒருவருக்குத்தான் கிடைக்கும்.

கம்ப்யூட்இஃப்ஆப்சென்ட் (கீ இல்லையென்றால் ஒரு ஃபங்ஷனை ஓட்டி மதிப்பைச் சேர்ப்பது) பயன்படுத்துபவர்களும் கவனியுங்கள். வரிசை பார்க்காத கன்கரண்ட்ஹாஷ்மேப்பில் நீங்கள் தரும் ஃபங்ஷன் ஒரு கீக்கு அதிகபட்சம் ஒருமுறைதான் ஓடும். ஸ்கிப்லிஸ்ட்மேப்பில் அந்த உறுதி இல்லை. மோதல் வந்தால் இரண்டு த்ரெட்டும் அதை ஓட்டலாம், ஒருவருடைய விடை மட்டும் உள்ளே போகும். அதற்குள் பணம் அனுப்புவது, மெயில் அனுப்புவது வேண்டாம்.

மரம் இருக்கும்போது ஏன் ஸ்கிப் லிஸ்ட்?

மேலே பார்த்த சுழற்சிதான் காரணம். மரத்தில் ஒன்றைச் சேர்த்தால் உச்சி வரைகூட மாறலாம். கணினி அறிஞர் வில்லியம் பியூ 1990இல் வெளியிட்ட ஸ்கிப் லிஸ்ட் என்பது குறுக்குவழி அடுக்குகள் கொண்ட வரிசைப் பட்டியல். அதில், நாணயம் சுண்டுவது போல ஒவ்வொரு கணுவுக்கும் உயரம் முடிவாகும், சுழற்சியே இல்லை. மாற்றம் பக்கத்துச் சுட்டிகளோடு நின்றுவிடும். அதனால் லாக் இல்லாமல் எழுத வசதி. ஜாவாவுக்கு இது 2006இல், பதிப்பு 6இல் வந்தது.

ஸ்கிப்லிஸ்ட்மேப்பில் சைஸ் கேட்டால் மெதுவாக இருக்கிறதே?

பழைய ஜாவா பதிப்புகளில் அது ஒவ்வொன்றாக எண்ணித்தான் சொல்லும். எண்ணும்போதே மாறிக்கொண்டும் இருக்கும். காலியா என்று மட்டும் தெரிய வேண்டுமென்றால் இஸ்எம்ப்டி போதும்.

சி ஷார்ப்பில் இதற்கு இணையாக என்ன இருக்கிறது?

டாட் நெட்டோடு வரும் கன்கரண்ட் கலெக்‌ஷன்களில் வரிசைப்படுத்தியது இல்லை. சார்ட்டட்டிக்‌ஷனரியைச் சுற்றி லாக் போடுங்கள். மாற்றம் குறைவு என்றால், மாற்றும்போதெல்லாம் பழையதைத் தொடாமல் புதியதைத் தரும் இம்மியூட்டபிள்சார்ட்டட்டிக்‌ஷனரி நன்றாக இருக்கும்.

அக்கா ஒருவர் கேட்டது: விளையாட்டு ஆப்பில் மதிப்பெண் வரிசைக்கு ஸ்கிப்லிஸ்ட்செட் வைத்திருக்கிறோம். சில வீரர்கள் பட்டியலில் இருமுறை வருகிறார்கள். ஏன்?

செட்டுக்குள் இருக்கும் வீரரின் மதிப்பெண்ணை அங்கேயே மாற்றுகிறீர்கள் அக்கா. அவர் பழைய மதிப்பெண்ணுக்கான இடத்தில் இருக்கிறார், கம்பேரேட்டர் (எது முன், எது பின் என்று ஒப்பிடுவது) புதிய இடத்தில் தேடுகிறது, கிடைக்காததால் மறுபடி சேர்க்கிறது. மதிப்பெண்ணையும் அடையாள எண்ணையும் மாற்ற முடியாத பொருளாக வையுங்கள். பழையதை நீக்கிப் புதியதைச் சேருங்கள். நீக்குவதற்கும் சேர்ப்பதற்கும் நடுவில் பட்டியலைப் பார்ப்பவருக்கு அந்த வீரர் ஒரு கணம் தெரிய மாட்டார். அது உங்களுக்குப் பரவாயில்லை என்றால் இதோடு விடலாம். இல்லையென்றால் சாதாரண ட்ரீசெட்டுக்கே திரும்பி, இரண்டு செயலையும், பட்டியலைப் படிப்பதையும் ஒரே லாக்குக்குள் வையுங்கள்.