டெர்மினலில் இருந்து பிரிண்ட் போடுவது: கேட்டவர்களுக்குப் பதில்

சென்னையில் சின்ன அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் லினக்ஸ் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பிரிண்டர் பற்றி வந்த கேள்விகளை இங்கே சேர்த்து எடுத்துக்கொள்கிறேன். டெர்மினல் என்பது கட்டளைகளைத் தட்டச்சு செய்கிற ஜன்னல். கட்டளைகளை வாயால் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன். ‘பெரிய’ என்று நான் சொல்லாத எழுத்தெல்லாம் சின்ன எழுத்து. கட்டளைகளில் பி என்றால் பேப்பரின் பி, டி என்றால் டெல்லியின் டி.

கிண்டி, கல்லூரி மாணவர்: அண்ணா, எல்பின்னு ஒண்ணு இருக்கு, எல்பிஆர்னு ஒண்ணு இருக்கு. எதைக் கத்துக்கிறது?

எதைக் கற்றாலும் சரி தம்பி, இரண்டும் அச்சடிக்கிற கட்டளைகள்தான். எல்பி, லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸின் சிஸ்டம் ஃபைவ் வகையில் இருந்து வந்தது. எல்பிஆர், பெர்க்லி யூனிக்ஸ் வழி. இன்று இரண்டையும் வாங்கிக்கொள்வது கப்ஸ் என்ற ஒரே அச்சு மென்பொருள்தான். மைக்கேல் ஸ்வீட் 1997-இல் தொடங்கியது, 2002-இல் மேக்கிலும் ஏறிவிட்டது. ஒரு இடறல் உண்டு: பிரிண்டர் பெயருக்கு முன்னால் எல்பியில் ஹைஃபன் டி, எல்பிஆரில் ஹைஃபன் பெரிய பி. எல்பியில் பெரிய பி போட்டால் அது பக்க எண்ணைக் கேட்கிறது என்று அர்த்தம். என் கை எல்பிக்குத்தான் பழகியிருக்கிறது. எதற்கும் முதலில் எல்பிஸ்டாட், ஹைஃபன் பி, ஹைஃபன் டி அடித்துப் பார். என்னென்ன பிரிண்டர் இருக்கிறது, எது டீஃபால்ட் என்று சொல்லிவிடும்.

மயிலாப்பூர், ஆசிரியை: கேள்வித்தாளை டெக்ஸ்ட் ஃபைலா வச்சு எல்பியில அனுப்பினேன் சார். கொம்பு எழுத்துக்குப் பின்னால போய் நிக்குது. ஸ்க்ரீன்ல நல்லாத்தானே தெரியுது?

பிரிண்டரைத் திட்டாதீர்கள் மேடம், அதற்கு இதில் சம்பந்தமே இல்லை. யூனிகோடில் ‘கெ’ என்பது க முதலில், கொம்பு அப்புறம் என்றுதான் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னுக்குக் கொண்டுவருவதும், ‘கொ’வில் குறியை இரண்டாகப் பிரித்து இருபக்கமும் வைப்பதும் எழுத்தை வரைகிற மென்பொருளின் பொறுப்பு. பிரவுசர் செய்கிறது, லிப்ரே ஆஃபீஸ் செய்கிறது. வெறும் டெக்ஸ்ட் ஃபைல் வந்தால், அதை அச்சுக்கு மாற்றுகிற கப்ஸின் ஃபில்டர் அதைச் செய்வதில்லை. வந்த வரிசையிலேயே கட்டம் கட்டமாக வைத்துவிட்டுப் போய்விடும். ஆங்கிலத்துக்கு அது போதும், நமக்குப் போதாது.

ஆகவே தமிழை டெக்ஸ்டாக அனுப்பவே அனுப்பாதீர்கள். பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். சாஃபீஸ், ஹைஃபன் ஹைஃபன் ஹெட்லெஸ், ஹைஃபன் ஹைஃபன் கன்வெர்ட் ஹைஃபன் டூ, பிடிஎஃப், கடைசியில் ஃபைல் பெயர். லிப்ரே ஆஃபீஸ் ஜன்னலைத் திறக்காமலே மாற்றிக் கொடுத்துவிடும். பிறகு அந்தப் பிடிஎஃப்பை எல்பிக்குக் கொடுங்கள். பாங்கோ என்ற எழுத்து வரையும் மென்பொருளை வைத்து வேலை செய்கிற பாப்ஸ் என்று ஒரு சின்னக் கருவியும் இருக்கிறது. கணினியில் நோட்டோ சான்ஸ் தமிழ், லோஹித் தமிழ் மாதிரி ஒரு எழுத்துரு இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் பிடிஎஃப்ஃபான்ட்ஸ் கட்டளையை ஓட்டி, எழுத்துரு ஃபைலுக்குள்ளேயே பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். பதிந்திருந்தால் எந்த ஊர் பிரிண்டரிலும் கொம்பு இடம் மாறாது.

பள்ளியில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த ஃபைல்கள் இருந்தால் அது வேறு கதை. அதில் உள்ளே இருப்பது ஆங்கிலக் குறிகள், மேலே தமிழ் முகமூடி. யூனிகோடுக்கு மாற்றிவிட்டு மேற்கண்டபடி செய்யுங்கள்.

சௌகார்பேட்டை, மொத்தக் கடை: பில்லுக்கு டாட் மேட்ரிக்ஸ் வச்சிருக்கோம். ஒரு பில் வர்றதுக்குள்ள கஸ்டமர் டீ குடிச்சிட்டு வந்துடுறாரு.

டிரைவர் உங்கள் பில்லைப் படமாக்கி, புள்ளி புள்ளியாக அனுப்புகிறது. பிரிண்டருக்குள்ளேயே எழுத்து இருக்கும்போது படம் எதற்கு? எல்பியில் ஹைஃபன் ஓ, ரா என்று சேர்த்து டெக்ஸ்டை அப்படியே தள்ளுங்கள், விறுவிறுவென்று அடிக்கும். உடனே இன்னொரு வம்பு வரும்: வரிகள் படிக்கட்டு மாதிரி வலப்பக்கம் சரியும். லினக்ஸ் ஃபைலில் அடுத்த வரிக்கு இறங்கு என்ற குறிதான் உண்டு, இடது ஓரத்துக்குத் திரும்பு என்பது கிடையாது. யூனிக்ஸ்டூடாஸ் (நடுவில் டூ என்பது எண் 2) ஓட்டினால் அதுவும் சேர்ந்துவிடும். பில் முடிவில் 12 என்ற எண்ணுள்ள ஃபார்ம்ஃபீட் குறியைப் போட்டால் தாள் கிழிக்கிற இடத்துக்கு வந்து நிற்கும். ஆறு அங்குலத் தாள், அங்குலத்துக்கு ஆறு வரி என்றால் தொடக்கத்தில் 27, 67, 36 ஆகிய மூன்று குறிகள்; பிரிண்டர் எப்சன் மோடில் இருக்க வேண்டும். தமிழில் பில் வேண்டுமென்றால் இந்த வழி பொதுவாக உதவாது, படமாகத்தான் போக வேண்டும்.

தரமணி, அலுவலகம்: எல்பியில ஹைஃபன் பெரிய எச் போட்டு சாயங்காலம் 18:30-க்கு அடிக்கச் சொன்னேன். ராத்திரி 12 மணிக்கு அடிச்சிருக்கு. செக்யூரிட்டி பயந்துட்டாரு.

கப்ஸ் சொன்னபடிதான் கேட்டிருக்கிறது. அந்த நேரம் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னே. 13:00 என்று கொடுங்கள். மேனுவலில் இருக்கிறது, ஆனால் யார் படிக்கிறார்கள்!

பெரம்பூர், டியூஷன் சென்டர்: கரண்ட் போய் வந்தா பிரிண்ட் வரவே மாட்டேங்குது.

எல்பிஸ்டாட் ஹைஃபன் பி ‘டிசேபிள்ட்’ என்று காட்டினால் கப்ஸ் வரிசையை நிறுத்தி வைத்திருக்கிறது. கப்ஸ்எனேபிள், பிரிண்டர் பெயர், அவ்வளவுதான். உங்களிடம் இருப்பது எச்பி லேசர்ஜெட் 1020 என்றால் இன்னொன்றும் உண்டு: அது ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் கணினியில் இருந்து ஃபர்ம்வேரை (தன்னை இயக்குகிற மென்பொருளை) வாங்கிக்கொள்கிற மாடல். கணினி முழுதாக எழுந்த பிறகு யூஎஸ்பி கேபிளைக் கழற்றிச் செருகிப் பாருங்கள்.

திருவல்லிக்கேணி, மேன்ஷன்வாசி: ஜெராக்ஸ் கடையில ஆதார் பிரிண்ட் போட்டா அது அங்கேயே தங்கிடுமா?

லினக்ஸ் கடை என்றால், கப்ஸ் வழக்கமாக அச்சடித்த ஃபைலை ஒரு நாள் வைத்திருக்கும். கடைக்காரர் கப்ஸின் அமைப்பு ஃபைலான கப்ஸ்டி டாட் கான்ஃபில் ப்ரிசர்வ் ஜாப் ஃபைல்ஸ் என்பதை ‘நோ’ ஆக்கினால் அதுவும் தங்காது. பெரும்பாலான கடைகளில் விண்டோஸும் வாட்ஸ்அப் வெப்பும்தானே ஓடுகிறது? அங்கே உங்கள் ஆதார் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் யாரும் சீண்டாமல் மாதக்கணக்கில் கிடக்கும். காசு கொடுக்கும் முன்பே அழிக்கச் சொல்லுங்கள், ரீசைக்கிள் பின்னையும் சேர்த்து.